கேபிளை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எழுதிப் பாருங்க

மதுரை செல்லூர்ல வீட்டுலயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். பொழுது பூரா பக்கத்துல டிவி ஓடிக்கிட்டே இருக்கணும் எனக்கு. கேபிளை வச்சுக்கலாமா, நெட் வழியா டிவி பார்க்கிற ஆப்புக்கு (app) மாறலாமான்னு முடிவெடுக்க மூணு மாசம் ஆச்சு. நீங்க அவ்வளவு அலைய வேண்டாம்.

முதல்ல விலையைப் பார்க்காதீங்க. வீட்டுல யாரு, எத்தனை மணிக்கு, எந்த சேனல் பார்க்கிறாங்கன்னு ஒரு வாரம் எழுதுங்க. நான் அளவு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதினேன். எங்க கேபிள் பாக்ஸ்ல இருநூறு சேனல் வருது, ஓடினது ஒன்பதுதான்.

அந்த ஒன்பதும் எந்த ஆப்புல வருதுன்னு அடுத்துப் பாருங்க. சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட்ல, விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டார்ல, ஜீ தமிழ் ஜீ5ல. மூணும் வேணும்னா மூணு சந்தா கட்டணும். தமிழ் செய்தி சேனல்கள் பலதும் யூடியூப்ல நேரலையாவே சும்மா கிடைக்குது. டிவிக்காகத்தான் புதுசா நெட் போடுறீங்கன்னா அதையும் கூட்டுங்க. 399 ரூபாய் பிளான், 18 சதவீத ஜிஎஸ்டியோட 471 ஆயிடும்.

கேபிள் பில்லையும் பிரிச்சுப் பாருங்க. 2019லிருந்து வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியா எடுக்கலாம். ஆனா சில நேரம் தனித்தனியா எடுக்கிறதைவிட பல சேனலைச் சேர்த்துத் தர்ற பேக்கே மலிவா இருக்கும், கூட்டிப் பார்த்துட்டு ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்க.

சந்தா கட்டும்போது 'மொபைல்' பிளானான்னு பாருங்க. விலை கம்மின்னு நான் முதல்ல அதைத்தான் கட்டினேன், டிவியில ஓடவே இல்ல; அப்புறம்தான் டிவியில ஓடுற பிளானைக் கட்டிப் பார்த்தோம். பழைய டிவின்னா பின்னாடி எச்டிஎம்ஐ (HDMI) ஓட்டை இருக்கான்னு பார்த்துட்டு, அதுல செருகி ஆப்பை ஓட்டுற ஸ்டிக் வாங்குங்க.

விலையைவிட எனக்குப் பெருசாப் பட்டது ரிமோட். மாமாவுக்கு எழுபத்தாறு வயசு. கேபிள் ரிமோட்ல கண்ணாடி போடாமலே மூணு நம்பரைத் தட்டி செய்தி சேனலுக்குப் போயிடுவார். ஆப்புல அம்புக்குறியை மேலயும் கீழயும் அழுத்தி, எங்கேயோ போய் மாட்டிக்கிட்டு, "அம்மா, கொஞ்சம் வாயேன்"னு கூப்பிடுவார். நான் ஊசியை அப்படியே நிறுத்திட்டு எழுந்திரிப்பேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. அவர் யாரையும் எதிர்பார்க்காம டிவி பார்க்கணும்னு எனக்கு ஆசை. பெரியவங்க இருக்கிற வீட்டுல இதைக் கண்டிப்பா யோசிங்க.

கிரிக்கெட்டுக்கு இன்னொண்ணு. ஆப்புல படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மேல் வீட்டுல சிக்ஸருக்குக் கத்துவாங்க, எங்க டிவியில பவுலர் அப்பத்தான் ஓடி வருவார். அதே மாதிரி, அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு விடியக்காலையில உள்ளூர் கேபிள் சேனலைத்தான் மாமா தேடுவார்.

அதனால ஹால்ல கேபிள்தான், பேக்கை மட்டும் குறைச்சுட்டோம். மொபைல் பிளான் பையன் போன்ல ஓடுது. மாறுறதா இருந்தா ஒரு மாசம் ரெண்டையும் வச்சுப் பாருங்க. பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்கி, அதுல பாக்ஸ் நம்பர் எழுதியிருக்கான்னு அங்கேயே பார்த்துக்குங்க.