நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் வேறு இன்ஜின் பொருத்தும் முறை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எண்ணூர், மணலி, மாதவரம் வட்டாரத்தில் சுமை ஏற்றி ஓடும் பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகளில், சேஸியும் ஆக்ஸில்களும் உறுதியாக இருக்க, இன்ஜின் மட்டும் தேய்ந்துபோன வண்டிகள் உண்டு. அத்தகைய வண்டியில் வேறோர் இன்ஜினைப் பொருத்த நினைப்பவர், பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வேலையின் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரு சக்கர இயக்க வண்டியில் இன்ஜின் உட்காரும் இடத்தைச் சற்று முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். நான்கு சக்கர இயக்க வண்டியிலோ, முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் செல்லும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகளும் (விசையைக் கடத்தும் சுழல்தண்டுகள்), கியர் பாக்ஸின் விசையை இரு ஆக்ஸில்களுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து புறப்படுவதால், அந்தக் கேஸ் இருக்கும் இடமே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதை அசைக்காமல், அங்கிருந்து முன்னோக்கி அளந்து இன்ஜினைக் கொண்டுவந்து சேர்ப்பதே சரியான வழி.

முதல் படி: அனுமதி

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, எந்த இன்ஜினைப் பொருத்தப்போகிறீர்கள் என்பதை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, எழுத்துமூலமான பதிலைப் பெற்ற பிறகே இன்ஜினை வாங்குங்கள். அதே நிறுவனம் அதே வண்டி வரிசையில் பொருத்தி விற்ற இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அனுமதி கேட்பதற்கும் அது எளிது. மவுண்டிங் (இன்ஜினைச் சேஸியில் தாங்கும் பிடிகள்), பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் மணிவடிவ உறை) போன்றவையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். புகைத் தரத்தில் பழைய இன்ஜினைவிடக் கீழான ஒன்றைத் தேடாதீர்கள்.

இரண்டாம் படி: இன்ஜினைத் தேர்ந்தெடுத்தல்

புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய இன்ஜின் வாங்கும்போது, அது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ அந்த வண்டியின் பதிவுச் சான்றிதழ் நகலையும், இன்ஜின் எண் குறிக்கப்பட்ட ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கில் பொறித்திருக்கும் எண் அரத்தால் தேய்க்கப்பட்டதுபோல் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மெக்கானிக்கல் பம்ப் கொண்ட டீசல் இன்ஜின் ஓடுவதற்குச் சில கம்பிகளே போதும். மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜினுக்கோ இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), முழு வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார், இம்மொபிலைசர் (சரியான சாவியின்றி ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) ஆகிய அனைத்தும் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வர வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் இன்ஜின் ஒழுங்காக ஓடாது.

முறுக்குவிசையையும் (டார்க்) கணக்கிட்டுப் பாருங்கள். 280 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டுவதற்கானது) 2.5 என்று வைத்துக்கொண்டால், புரொப்பல்லர் ஷாஃப்டுகளுக்கு வருவது ஏறத்தாழ 2,660 நியூட்டன் மீட்டர். 180 நியூட்டன் மீட்டர் இன்ஜினில் இதே கணக்கு 1,710 மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பழைய கியர் பாக்ஸும் ஜாயிண்டுகளும் தாங்குமா என்று கேட்காமல் பெரிய இன்ஜினுக்கு ஆசைப்படக் கூடாது.

மூன்றாம் படி: கழற்றும் முன் அளத்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பழைய இன்ஜின் இருக்கும்போதே அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஃபயர்வாலிலிருந்து (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகடு) பெல் ஹவுசிங் முகப்பு வரை, ரேடியேட்டரிலிருந்து ஃபேன் வரை, சம்ப்பின் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) அடிப்பகுதியிலிருந்து முன் ஆக்ஸில் வரை உள்ள தூரங்களும், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேஞ்சின் (ஷாஃப்ட் பூட்டப்படும் வட்டத் தகடு) சாய்வுக் கோணமும் கட்டாயம் வேண்டும். கோணம் பார்க்கும் சிறு மீட்டர் பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளில் கிடைக்கும்.

நான்காம் படி: பழைய இன்ஜினை இறக்குதல்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏசி இருந்தால் அதன் வாயுவைக் காற்றில் விடாமல், கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் குழாய்க்கும் சீட்டு ஒட்டிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் 200 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், குறைந்தது ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் வேண்டும். இன்ஜின் பிரிந்ததும் கியர் பாக்ஸின் முன்பகுதி தொங்கிவிடாதபடி அதற்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, முன்பு குறித்துவைத்த அதே கோணத்தில் நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பெல் ஹவுசிங் நேரடியாகப் பொருந்தாவிட்டால் இடையில் வைக்கும் இணைப்புத் தகடான அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் நல்ல கை உள்ள லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால், மேஸ்திரியிடம் இரண்டு முகப்புகளையும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே தவிர, அட்டையில் வரைந்த அளவைக் கொடுத்து வேலை வாங்கக் கூடாது.

பிளேட்டின் தடிமன் கூடக்கூட, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் இன்ஜினிலிருந்து பின்னே விலகும். அந்த ஷாஃப்டின் நுனி, கிரேங்கின் பின்முனையில் உள்ள பைலட் பேரிங்குக்குள் போதிய அளவு நுழைகிறதா, கிளட்ச் பிளேட்டின் பல் முழுவதும் ஷாஃப்டின் பல்லில் அமர்கிறதா, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை எட்டுகிறதா ஆகிய மூன்றையும் கிளட்ச் பொருத்தி நேரில் பாருங்கள். அதன் பிறகு கிரேங்க் முனையில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) பொருத்தி, கையால் சுற்றி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளை மையத்தில் இருக்கிறதா என்று சோதியுங்கள். முள் ஆடும் அளவு 0.13 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. மையம் விலகியிருந்தால் வண்டி சில காலம் ஓடத்தான் செய்யும். ஆனால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் இரையத் தொடங்கி, கிளட்ச் நடுங்கி, கடைசியில் கியர் பாக்ஸைத் திறக்கவைக்கும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: மவுண்டிங்கும் சம்ப்பும்

இன்ஜினைச் செயினில் தொங்கவிட்டபடியே கியர் பாக்ஸோடு பூட்டி, அடியில் படுத்துப் பாருங்கள். முன் ஆக்ஸில் மேலே எழும்பும்போது அதன் டிஃபரன்ஷியல் சம்ப்பில் இடிக்கக் கூடாது. வண்டி நிற்கும் நிலையில் இடைவெளி தாராளமாகத் தெரிந்தாலும், ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் (அது மேலும் எழும்பாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் நிலையில் குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால், வண்டியை உயரமாக்குவதற்குப் பதிலாக, சம்ப்பின் ஆழமான பகுதி வேறு பக்கத்தில் உள்ள மாதிரியைத் தேடுங்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் செல்லும் பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சைலன்ஸர் குழாயும் அதைத் தொடாமல் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேஞ்சும் ஆக்ஸில் பினியன் ஃபிளேஞ்சும், இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜாயிண்ட் கொண்ட சாதாரண ஷாஃப்டில், ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடாமல் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸை அசைக்காதிருந்தால் இந்தக் கவலை தானாகவே தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியானதும் மவுண்டிங் பிராக்கெட்டுகளைப் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, மீண்டும் ஒருமுறை அளந்து, அதன் பிறகே முழு வெல்டிங் செய்யுங்கள். அப்போது பேட்டரியும் இசியுவும் இணைப்பிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். எண்ணூர்க் கடற்காற்று வெல்டிங் மூட்டுகளை விரைவில் அரித்துவிடுவதால், அன்றே பிரைமரும் பெயிண்டும் அடித்துவிடுங்கள்.

ஏழாம் படி: குளிர்விப்பு, பிரேக், வயரிங்

டீசல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே பெரிய இன்ஜினுக்கு அதற்குரிய ரேடியேட்டரும், ஃபேனைச் சுற்றிக் கவுலும் (காற்றைக் குவிக்கும் உறை) வேண்டும். எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கத்துப் போர்வெல் நீரில் கடல்நீர் கலந்திருப்பதால், அதை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்.

நம் நாட்டு டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான (மிதிப்பை எளிதாக்கும் கருவி) வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கும். புதிய இன்ஜினில் அது எங்குமே இல்லையென்றால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். சுமையோடு வரும் பிக்கப்பில் இது உயிருக்கே ஆபத்து. இன்ஜினுக்கும் சேஸிக்கும் இடையே தடித்த எர்த் கம்பியையும் மறக்காதீர்கள். அது இல்லாதபோது ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கருக்கிவிடும்.

எட்டாம் படி: முதல் ஸ்டார்ட்

டீசல் வராமல் நிறுத்திவைத்து, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு கைப்பம்பால் டீசல் குழாயின் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். டீசல் இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்தால் சாவியை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். அதனால் ஏர் இன்டேக் வாயை அடைக்க ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூட முயலக் கூடாது.

ஒன்பதாம் படி: ஓட்டிப் பார்த்தல்

அனுமதி கையில் இருக்கும் வண்டியை முதலில் சுமையின்றி ஓட்டுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து செல்வதே குளிர்விப்புக்கு உண்மையான சோதனை. காற்றோட்டம் இல்லாத அந்த நிலையிலும் வெப்ப முள் நடுவிலேயே நிற்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் போட்டுப் பார்க்காதீர்கள். திருப்பங்களில் முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும். தளர்ந்த மண்தரையில் லோ விகிதத்தில் மெதுவாக ஓட்டி, திரும்பி, பின்னோக்கி எடுத்துச் சத்தத்தைக் கவனியுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குள் மவுண்டிங், பெல் ஹவுசிங், புரொப்பல்லர் ஃபிளேஞ்சு போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பதிவுச் சான்றிதழில் புதிய இன்ஜின் எண் ஏறியதும் அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியிலும் அந்த எண் திருத்தப்பட்டதைப் பார்த்த பிறகே வண்டியில் சுமை ஏற்றுங்கள்.