டவரைத் திட்டுகிறோம், போனைக் காதில் அழுத்துகிறோம்

ஏற்காடு பஸ் அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வந்துவிடும். உடனே "ஹலோ, கேக்குதா?" என்று போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்வோம். போன் கதிர்வீச்சுக்குப் பயப்படுகிற நாம் செய்யும் முதல் தவறு அதுதான். சந்தைக்கடையில் நாம் குரலை உயர்த்துவதுபோல, டவர் எட்டாத இடத்தில் போனும் தன் அலையின் சக்தியைக் கூட்டும். சேலத்தில் டவருக்குப் பக்கத்தில் கிசுகிசுக்கிற அதே போன், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே எங்காவது கத்திக்கொண்டிருக்கும். காதிலிருந்து சில விரற்கடை தள்ளினாலே தலைக்கு வரும் அலை வெகுவாகக் குறையும். வயர் ஹெட்போன் போதும். ஸ்பீக்கரில் போட்டால் பஸ் முழுக்க நம் குடும்பக் கதை தெரிந்துவிடும், அது வேறு பிரச்சினை. அவசரமில்லை என்றால் மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது எஸ்ஏஆர் குழப்பம். உடல் திசு எவ்வளவு அலையை உறிஞ்சுகிறது என்பதன் அளவு அது. பல போன்களில் *#07# அழுத்தினால் தெரியும். 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் இதன் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவின் சராசரியாக. ஐரோப்பாவில் 2 வாட், ஆனால் 10 கிராம் சராசரி. அளக்கும் முறையே வேறு என்பதால் அந்த எண்ணையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. சரி, இரண்டுமே இந்திய எண்கள், 0.8 போன் 1.2 போனைவிடப் பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. போன் உச்ச சக்தியில் இயங்கும்போது ஆய்வகத்தில் எடுத்த எண் அது. சிக்னல் இல்லாத எஸ்டேட் வீட்டில் 0.8 போனில் பேசுபவர், டவர் நன்றாகக் கிடைக்கும் சேலம் அஸ்தம்பட்டியில் 1.2 போனில் பேசுபவரைவிட அதிகம் வாங்கிக்கொள்ளக்கூடும்.

தெருவில் டவர் வரக்கூடாது என்று கூடுவதிலும் இந்த முரண் இருக்கிறது. டவர் அலைக்கான வரம்பை அதே 2012இல் இந்தியா சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. டவர் தூரமாகப் போனால் நம் கையிலிருக்கும் போன்தான் கூடுதலாக உழைக்கும்.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கிற ஸ்டிக்கரை வாங்காதீர்கள். அது வேலையே செய்யாவிட்டால் காசு நஷ்டம். ஆன்டெனாவை மறைத்து வேலை செய்தால் போன் சக்தியைக் கூட்டும், அது அதைவிட நஷ்டம். அப்புறம், நெடுநேரம் பேசினால் காது சுடுவதற்குப் பெரும்பாலும் பேட்டரியும் சிப்பும்தான் காரணம்.