வெளிநாட்டுத் தெருக்களில் திருட்டுக்கு இரையாகாமல் இருக்க

சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கும் திருடர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒருவர் உங்கள் சட்டையில் எதையோ கொட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டபடியே துடைக்க முற்படுவார், அந்தப் பரபரப்பில் இன்னொருவர் பர்ஸை உருவிக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஆகவே, முன்பின் தெரியாதவர் வலிய வந்து உதவினால், முதலில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அருகிலுள்ள கடைக்குள் சென்றுவிடுங்கள். கறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரயில் கதவு மூடும் நேரத்து நெரிசலிலும் இதே எச்சரிக்கை தேவை.

கைபேசியில் வழி பார்க்க வேண்டுமானால், சாலை விளிம்பில் நிற்காமல் சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள், ஏனெனில் இருசக்கர வாகனத்தில் வருபவர்கள் நொடியில் பறித்துவிடுவார்கள். புறப்படும் முன்பே *#06# என அழுத்தினால் திரையில் தோன்றும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் கைபேசிக்கே உரிய தனி அடையாள எண்ணை, தாளில் குறித்து வையுங்கள். பணத்தையும் வங்கி அட்டைகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

சீருடையின்றி வந்து தன்னைக் காவலர் என்று சொல்லிப் பர்ஸைக் கேட்பவரிடம், காவல் நிலையத்திற்கு வந்து காட்டுவதாகப் பணிவாகச் சொல்லுங்கள். ஆனால், கத்தியைக் காட்டி மிரட்டினால் எதிர்க்காமல் கொடுத்துவிடுங்கள். எந்தப் பொருளும் உங்கள் உயிருக்கு ஈடாகாது.

பறிகொடுத்தபின் வங்கி அட்டையை உடனே முடக்கி, காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனமும், பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் தூதரகமும் பொதுவாக அதைத்தான் முதலில் கேட்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர அழைப்பு எண் 112.