உதவித்தொகைக்கு உயில் எழுதும் ஆசிரியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

போன வருஷம் நான் படித்த கல்லூரியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். அறக்கட்டளைப் பரிசு என்று ஒரு மாணவியை மேடைக்கு அழைத்துக் கவர் கொடுத்தார்கள். உள்ளே 325 ரூபாய். 1986-ல் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் போட்டுவைத்த 5,000 ரூபாய்க்கு வந்த வட்டி அது. அன்றைக்கு நீண்டகால வைப்புக்கு வட்டி பத்து சதவீதத்துக்கு மேல். கிடைத்த 500 ரூபாய் சொச்சத்தில் ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணமும் புத்தகமும் முடிந்துவிடும். இன்று அந்தப் பெண் ஊருக்குப் போய்வரும் பஸ் செலவுக்கே இழுபறி.

வாத்தியார் செய்த பிழை, வட்டி முழுவதையும் வருஷா வருஷம் கொடுத்துவிடச் சொன்னது. 10 லட்சம் ரூபாய் போட்டு 7 சதவீத வட்டி வந்தால் 70,000. அதில் 50,000 கொடுத்துவிட்டு 20,000-ஐ அசலோடு சேர்க்கச் சொல்லுங்கள். இதே விகிதத்தில் போனால் பத்து வருஷத்தில் அசல் 12 லட்சத்தைத் தாண்டும், உதவித்தொகையும் கூடவே ஏறும்.

அப்புறம் நிபந்தனைகள். 'நம் ஊர்ப் பள்ளியில் படித்து, பி.ஏ. வரலாறு சேர்ந்து, முதல் மதிப்பெண் வாங்குபவருக்கு' என்று எழுதும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். அந்தப் படிப்பையே மூடிவிட்டால்? பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் நீதிமன்றம்வரை போக நேரலாம். 'வரலாறு, இல்லையேல் வேறு கலைப்பாடம், அதுவும் இல்லையேல் கல்லூரி முதல்வர் முடிவு' என்று இன்னும் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

'கல்விக் கட்டணத்துக்கு மட்டும்' என்றும் கட்டிப்போட வேண்டாம். முதல் பட்டதாரிச் சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று அரசு உதவிகள் இருக்கின்றன. என் அனுபவத்தில் பிள்ளைகள் தவிப்பது மெஸ் பாக்கிக்கும் லேப்டாப்புக்கும்தான்.

நான் அதிகம் பார்த்த தவறு நாமினி விஷயம். வங்கி வைப்புக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும். அதனால் சிலர் அப்போதைய முதல்வரின் பெயரைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்! நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், சொந்தக்காரர் அல்ல. வங்கி வைப்புக்கு இதை 2010-லேயே ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயில் இல்லையென்றால் பணம் வாரிசுகளுக்குத்தான். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். சாட்சியாகக் கல்லூரிக்காரர்களைக் கூப்பிடாதீர்கள், பின்னால் பேச்சு வரும்.

யாருக்கு என்பதிலும் கவனம் தேவை. தனியார், உதவிபெறும் கல்லூரிகளில் சொத்து பெரும்பாலும் அதை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில் இருக்கும். அந்தப் பதிவுப் பெயரையும் பான் எண்ணையும் அலுவலகத்தில் கேட்டு வாங்கி எழுதுங்கள்.

கிறிஸ்தவ ஆசிரியர்கள் சிலர், சொந்தபந்தம் இருந்தால் அறப்பணிக்கு உயில் எழுதுவதில் சிக்கல் என்று இன்னமும் தயங்குகிறார்கள். அந்தச் சிக்கலுக்குக் காரணமான, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவை 2003-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

வீட்டைக் கொடுப்பதானால் அவசரப்பட்டுத் தானப் பத்திரம் எழுதாதீர்கள். உயிலைச் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஏற்றுக்கொண்ட தானத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை. எழுபது வயதுக்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவு எந்த வாசல் வழியாக வரும் என்று யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டாம். நண்பர் ஒருவர் உயிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வாசித்துக் காட்டினார். மகன் முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகள், "அப்பா, என் பங்காகவும் 2 லட்சம் போடுகிறேன்" என்றாள். அங்கேதான் இன்னொரு முடிச்சு. அவள் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும், வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். சிங்கப்பூரில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் மகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. அவன்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.