கோடுகளால் நிழல்: கொல்லங்கோட்டு வயலும் பனையும் வரையும் முறை

பாலக்காட்டு எல்லையில் கொல்லங்கோட்டு வரப்பொன்றில் தெற்கு நோக்கி அமர்ந்தால், முன்னே நெல்வயல், நடுவே பனைகள், பின்னே நெல்லியாம்பதி மலை என்று காட்சி தானே மூன்றாகப் பிரிந்து நிற்கும். இணைகோடுகளை நெருக்கி நிழல் காட்டும் ஹேட்சிங், அவற்றின்மேல் குறுக்காக இன்னோர் அடுக்கு இடும் கிராஸ் ஹேட்சிங் ஆகியவற்றைப் பழகுவோருக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. வழவழப்பான 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாள், எச்பி பென்சில், 0.1, 0.3, 0.5 முனைகளில் நீரில் கரையாத மைப்பேனாக்கள் ஆகியவை போதும்.

பென்சிலில் எல்லைகளை மெலிதாகக் குறித்ததும், தாளின் வெண்மை எங்கெங்கே அப்படியே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மலையில் இறங்கும் சீதார்குண்டு அருவியை, இருபுறமும் கோடுகளை நெருக்கி, நடுவில் தாளை வெறுமையாக விட்டே காட்ட வேண்டும். வெள்ளைப் பேனாவால் பின்னர் தீட்டினால் அது ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

ஈரமும் தூசும் நிறைந்த காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தொலைமலை வெளிறித் தெரியும். ஆகவே அதற்கு 0.1 பேனாவில், சரிவின் போக்கிலேயே செல்லும் ஓர் அடுக்கு இணைகோடுகள் போதும். மலைமுகட்டுக்கு அழுத்தமான எல்லைக்கோடு போடக் கூடாது.

உழைப்பெல்லாம் பனைக்கே. காலையில் வெயில் இடப்புறமிருந்து வருவதால் மரத்தின் வலப்பக்கமே இருளும். உருண்டை வடிவம் தெரியும்படி, தண்டின் தழும்பு வளையங்களைத் தழுவி வளையும் சிறு கோடுகளை 0.3 பேனாவால் வலப்பக்கத்தில் நெருக்கமாகவும் நடுவில் விலக்கியும் இட்டு, இடவிளிம்பில் ஒரு கீற்று வெண்மையை விட்டுவிடலாம். அதன்மேல் வலப்பக்கத்தில் மட்டும் இரண்டாம் அடுக்கைக் குறுக்காக இட வேண்டும். முதல் அடுக்குக்குச் செங்குத்தாக வெட்டினால் கொசுவலை போலாகிவிடும்; 30 பாகை அளவில் சாய்த்து வெட்டினால் நிழல் ஒன்றுகலந்து நிற்கும். உச்சியில் ஓலைகள் குவிந்த கொண்டையின் உட்பகுதியிலும் தொங்கும் காய்ந்த மட்டைகளின் அடியிலும் 0.5 பேனாவால் மூன்றாம் அடுக்கு தாங்கும். ஆனால் விசிறி ஓலைகளின் நுனிகளைத் தனித்தனிக் கோடுகளாகவே விட வேண்டும். படத்தின் மிகக் கரிய இடம் இந்தக் கொண்டையாகவே இருக்கட்டும்.

நாற்றுக்கு மேல்நோக்கிய சிறு கீற்றுகளை அருகில் நீளமாகவும் தொலைவில் புள்ளியளவாகவும் இடலாம். தேங்கிய நீரில் விழும் பனையின் நிழலுக்கு விட்டுவிட்டு இட்ட கிடைக்கோடுகளே பொருந்தும். வானத்தைத் தொடாமல் விடுவது நல்லது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643இல் செதுக்கிய ‘மூன்று மரங்கள்’ படத்தில் மழையைச் சாய்கோடுகளாகவே இறக்கியிருக்கிறார் என்றாலும், அந்தத் துணிவு கை பழகிய பின் வரட்டும்.

மை நன்றாக உலர்ந்த பிறகே பென்சில் கோடுகளை அழிக்க வேண்டும். அவசரப்பட்டால் ரப்பர் மையையும் இழுத்துக்கொண்டு போய், விட்டுவைத்த வெண்மையை அழுக்காக்கிவிடும்.