கியர் காரா, ஆட்டோ காரா? தோட்டப்புறத்தில் முதல் கார் வாங்குவோருக்கான படிப்படியான விளக்கம்

பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர், சுங்காய் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வேலைக்குச் சேர்ந்த சிறிது காலத்திலேயே கார் வாங்க வேண்டிய நிலை பலருக்கும் வந்துவிடுகிறது. கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் கியர் காரா, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ காரா என்ற கேள்விக்கு அப்போது கடைத்தெருவில் கிடைக்கும் ஆலோசனை இரண்டே வகைதான். கியர் ஓட்டத் தெரியாதவன் ஓட்டுநரே அல்லன் என்பார் ஒரு மாமா. இந்தக் காலத்தில் யார் கிளட்ச் மிதிக்கிறார்கள் என்பார் அவருடைய மகன். இருவரும் தத்தம் சாலையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்களே தவிர, வாங்கப்போகிறவரின் சாலையைப் பற்றிக் கேட்பதில்லை. உரிமத்தை ஒரு கணக்கிலும் காரை வேறொரு கணக்கிலும் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. அதை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: உரிமத்தை முடிவு செய்யுங்கள்

மலேசியாவில் கார் உரிமம் இரு வகைப்படும். டி வகை உரிமம் உள்ளவர் கியர் காரையும் ஆட்டோ காரையும் ஓட்டலாம். டிஏ வகை உரிமம் உள்ளவர் ஆட்டோ காரை மட்டுமே ஓட்டலாம். இரண்டுக்கும் வயது 17 நிறைந்திருக்க வேண்டும். இரண்டிலும் எல் எனப்படும் பயிற்சி உரிமத்தில் பயின்று, தேர்ச்சி பெற்றபின் இரண்டு ஆண்டுகள் பி எனப்படும் தற்காலிக உரிமத்தில் ஓட்ட வேண்டும்.

ஆட்டோ கார்தான் வாங்கப்போகிறீர்கள் என்றாலும், இளைஞராக இருந்தால் டி வகையையே எடுங்கள். தோட்டப்புறத்தில் ஒருவர் தம் காரை மட்டும் ஓட்டுவதில்லை. அப்பாவின் பழைய புரோட்டோன் சாகா, சித்தப்பாவின் பிக்-அப், வேலையிடத்து வேன் என்று யாருடைய வண்டியையாவது எடுக்க வேண்டிவரும், அவற்றில் பல இன்னும் கியர் வண்டிகளே. டிஏ உரிமத்தோடு கியர் காரை ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கவும் இடமுண்டு. பின்னாளில் டி வகைக்கு மாற விரும்பினால் கியர் காரில் பயிற்சி பெற்று ஓட்டுத் தேர்விலும் தேற வேண்டியிருக்கும்.

இதற்கு விலக்கும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டி முதன்முறையாக ஓட்டக் கற்கும் அம்மாவுக்கோ, இடது முழங்காலில் வலி உள்ளவருக்கோ டிஏ உரிமம் முழுக்க முழுக்கப் பொருத்தமானது. அதில் குறைவு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்ஜின் குறைந்த வேகத்தில் சுழலும்போது அதற்கு வலு குறைவு. கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது முன்பக்கத்துச் சிறிய பற்சக்கரத்தைத் தேடுவதுபோல, காரும் கிளம்பும்போதும் ஏறும்போதும் தாழ்ந்த கியரில் இருக்க வேண்டும். கியர் காரில் இடது கால் கிளட்சை மிதித்து என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கிறது, கை கியரை மாற்றுகிறது, கால் மெல்ல விடும்போது இரண்டும் மீண்டும் இணைகின்றன.

ஆட்டோ காரில் இந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்கிறது, ஆனால் எல்லா ஆட்டோவும் ஒன்றல்ல. பெரோடுவாவின் பழைய மைவி, பெஸ்ஸா ஆகியவற்றில் உள்ள நான்கு கியர் ஆட்டோவில், எண்ணெயின் சுழற்சியால் வலுவைக் கடத்தும் கன்வெர்ட்டர் ஒன்று உண்டு. சிவிடி வகையில் தனித்தனிக் கியர்களே இல்லை. இரண்டு உருளிகளுக்கு இடையே ஓடும் உலோகப் பட்டை அவற்றின் அகலத்திற்கேற்ப மேலும் கீழும் நகர்ந்து, விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே இருக்கும். 2021இல் வந்த பெரோடுவா அத்திவாவிலும், அதே ஆண்டு புதுப்பிக்கப்பட்ட மைவியிலும் உள்ள டி-சிவிடி, அதிக வேகத்தில் பட்டையோடு பற்சக்கரங்களையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. பழைய கார் வாங்குவோர், ஆட்டோ என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், எந்த வகை ஆட்டோ என்று கேட்பது அவசியம். பழுது செலவு அதைப் பொறுத்தே அமையும்.

மூன்றாம் படி: உங்கள் சாலையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, வழக்கமாக ஒரு மாதத்தில் எந்தெந்தச் சாலைகளில் ஓட்டுவீர்கள் என்று எழுதுங்கள். இந்த வட்டாரத்தில் பெரும்பாலோருக்கு அது மூன்று வகையாகப் பிரியும்.

ஒன்று, தோட்டத்துச் செம்மண் சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் உழுதுபோட்ட சாலையில் மழைக்குப் பிறகு சேறு வழுக்கும். கியர் காரில் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்பினால் சக்கரம் வீணாகச் சுழல்வது குறையும். ஓட்டுபவர் விரும்பிய கியரில் வண்டியை நிறுத்திவைக்கலாம் என்பது இங்கே உண்மையான வசதி. ஆனாலும் இதை மிகைப்படுத்த வேண்டாம். சேற்றில் தப்பிப்பதற்கு கியர்பாக்ஸைவிட டயரின் பொறிப்பும், வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும்தான் பெரிது. தேய்ந்த டயரோடு கியர் கார் ஓட்டுபவரைக் காட்டிலும் நல்ல டயரோடு ஆட்டோ ஓட்டுபவர் முன்னதாக வீடு சேர்வார்.

இரண்டு, மலைச்சாலை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தா செல்லும் பழைய சாலை சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு காய்கறி லாரி முன்னே நிற்கும். ஏற்றத்தில் கியர் கார் ஓட்டுபவர் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு இடையே ஓயாமல் மாற்றிக்கொண்டிருப்பார். சிறிய என்ஜின் கொண்ட சிவிடி காரோ, வேகம் கூடாமல் சத்தம் மட்டும் கூடுவதுபோலத் தோன்றும். அது பழுதன்று, வலுத் தேவைப்படும்போது என்ஜினை உயர்ந்த சுழற்சியில் நிறுத்திவைப்பது அதன் இயல்பு.

இறக்கத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கியர் காரில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்குங்கள்; ஆட்டோவில் வண்டிக்கு ஏற்ப S, B, L, 2 என்று எழுதியிருக்கும் நிலைக்கு மாற்றுங்கள். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று ஃப்ரீ கியரில் (நியூட்ரலில்) உருட்டிக்கொண்டு இறங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். அது ஆபத்தான பழக்கம், அதில் மிச்சமும் இல்லை. இன்றைய என்ஜின்கள், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோலைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. ஃப்ரீ கியரில்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும்.

மூன்று, நெடுஞ்சாலையும் நகரமும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்தவர்களுக்கும், தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கம் காரை எடுத்துச் சென்றவர்களுக்கும் இடது காலின் நிலையை விளக்க வேண்டியதில்லை. வார நாட்களில் ஷா ஆலாமிலோ கிள்ளானிலோ வேலை செய்து வார இறுதியில் மட்டும் தோட்டத்திற்கு வருபவராக இருந்தால், தயங்காமல் ஆட்டோவை எடுங்கள்.

நான்காம் படி: பணக் கணக்கு

விலை வேறுபாட்டைப் பார்க்கும்போது, ஒரே காரின் இரு வகைகளைத்தான் ஒப்பிட வேண்டும். 2019இல் புதுப்பிக்கப்பட்ட சாகா அறிமுகமானபோது, ஸ்டாண்டர்ட் கியர் கார் 32,800 வெள்ளி (ரிங்கிட்), அதே தரத்தில் ஆட்டோ 35,800 வெள்ளி. வேறுபாடு 3,000 வெள்ளிதான். ஒன்பது ஆண்டுத் தவணையில் வட்டியோடு சேர்த்து அது மாதம் 30 முதல் 40 வெள்ளிக்குள் அடங்கிவிடும். மாறாக, 2023இல் 22,000 வெள்ளிக்கு வந்த பெரோடுவாவின் கியர் வகை ஆக்சியா இ-யையும், அதே ஆண்டு 38,600 வெள்ளியில் தொடங்கிய புதிய ஆட்டோ ஆக்சியாவையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு 16,600 வெள்ளி. ஆனால் அது கியர்பாக்ஸின் விலை மட்டுமன்று. உடலமைப்பும் பாதுகாப்புச் சாதனங்களும் வேறு. கையில் அவ்வளவுதான் பணம் என்றால் ஆக்சியா இ நியாயமான தேர்வே.

பராமரிப்பில் கியர் காருக்குச் சாதகம் உண்டு. கிளட்ச் தேய்ந்தால், தட்டு, அழுத்தத் தட்டு, பேரிங் ஆகியவற்றை ஒரு தொகுதியாக மாற்றிவிடலாம். பட்டணத்து ஃபோர்மேன் (மெக்கானிக்) எவருக்கும் அது தெரிந்த வேலை. ஆட்டோ கியர்பாக்ஸ் பழுதானால் செலவு பல மடங்காகும், பலர் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் பழைய கியர்பாக்ஸ் தேடுகிறார்கள். ஆட்டோ அதிகம் பெட்ரோல் குடிக்கும் என்பது பழைய நான்கு கியர் ஆட்டோவைப் பொறுத்தவரை ஓரளவு சரி. சிவிடி வந்தபின் அந்த இடைவெளி பெரிதும் குறைந்துவிட்டது. புதிய கார்களில் கியர் வகையே அருகிவருவதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2021இல் புதுப்பிக்கப்பட்ட மைவியில் கியர் வகை நிறுத்தப்பட்டுவிட்டது.

ஐந்தாம் படி: பழைய கார் என்றால் ஓட்டிப் பாருங்கள்

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

கியர் காரில், சமதளச் சாலையில் நான்காம் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். என்ஜினின் சத்தம் எகிறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மிதியைக் கிட்டத்தட்ட முழுவதும் விட்ட பிறகே வண்டி நகர்ந்தாலும் கிளட்ச் தேய்ந்திருக்கக்கூடும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று உரசினால் பழுது கியர்பாக்ஸுக்குள் இருக்கலாம், அது வேறு செலவு.

ஆட்டோவில், பிரேக்கை மிதித்தபடி ஆர் (R, பின்னோக்கு) நிலைக்கும் டி (D, முன்னோக்கு) நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். வண்டி உடனே பிடிக்க வேண்டும். ஓரிரு வினாடி தயங்கி, பிறகு குத்தலோடு பிடித்தால் விலகிவிடுங்கள். மெதுவாக வேகம் கூட்டும்போது உடல் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். எண்ணெய் அளவுகோல் உள்ள வண்டியானால் கியர் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருத்துத் தீய்ந்த வாடை வீசினால் நல்ல அறிகுறியன்று. கியர் எண்ணெய் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும்.

ஆறாம் படி: வாங்கியபின் முதல் வாரம்

கியர் காரில் ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் அதற்காகத்தான் இருக்கிறது. பேட்டரி வலுவிழந்து கிளம்பாவிட்டால் இரண்டாம் கியரில் தள்ளிக் கிளப்பலாம்.

ஆட்டோ காரை அப்படித் தள்ளிக் கிளப்ப முடியாது. ஆகவே பேட்டரி இணைப்புக் கம்பி ஒன்றைக் காரில் வைத்திருங்கள். பழுதாகி நின்றால், முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாமல், தட்டு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு மிதிகளையும் வலது காலாலேயே இயக்குங்கள், இடது கால் ஓய்வாக இருக்கட்டும். டி நிலையில் பிரேக்கை விட்டாலே வண்டி தானாக ஊரும் என்பதால், வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடும்போது இதைக் குறிப்பாக நினைவில் கொள்ளுங்கள். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்து, ஃப்ரீ கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அதன் பிறகே பி (P, நிறுத்தம்) நிலைக்குப் போங்கள்.