கேரளா லாட்டரி என்று போனில் வந்தால்

நீலகிரியில் எங்கள் எருமாட்டுப் பக்கத்திலிருந்து தாளூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே லாட்டரி அரசாங்கமே நடத்துவது. இங்கே தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து எந்த மாநில லாட்டரியும் விற்கக் கூடாது. அங்கே போய் நீங்களே கடையில் வாங்கினால் குற்றமில்லை. கட்டாகக் கொண்டுவந்து இங்கே விற்றால் குற்றம், இரண்டு வருஷம் வரை ஜெயில். எல்லையில் இருக்கிற நமக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கணும்.

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் டிக்கெட் போட்டோ வந்தது. மறுநாள், "5 லட்சம் விழுந்திருக்கு, ஜிஎஸ்டி 2,800 கட்டுங்க." பச்சைத் தேயிலை போட்டு வந்த காசை அப்படியே அனுப்பிவிட்டார். அந்தப் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் இருந்த இடம் மட்டும் வெளுத்து, எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. பழைய டிக்கெட்டில் புது நம்பரை ஒட்டியிருக்கிறார்கள்.

அதனால் முதலில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காகித டிக்கெட் கையில் இருக்கா? கேரள அரசு ஆன்லைனில் லாட்டரி விற்பதே இல்லை. போனில் விற்கிறவர் யாராக இருந்தாலும் பொய்தான். பரிசுக்கு முன்னால் வரி கட்டச் சொன்னாலும் பொய்தான். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரியை அதிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

நிஜமாகவே கையில் டிக்கெட் இருந்து பரிசு விழுந்தால், பின்பக்கம் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 5,000 வரை கேரளாவில் லாட்டரிக் கடையிலேயே வாங்கலாம். அதற்கு மேல் என்றால் அங்கே உள்ள லாட்டரி அலுவலகத்திலோ வங்கியிலோ 30 நாளுக்குள் டிக்கெட்டைக் கொடுக்கணும்.

"மூணு நம்பர்" என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருவது லாட்டரியே இல்லை. கேரளா ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து ஆடும் சூதாட்டம். விழுந்தாலும் கேட்க நாதியில்லை. தினக்கூலி வாங்குகிற கைகள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். தங்கச்சி வெட்கப்பட்டு நாலு நாள் மறைத்தாள். அதற்குள் அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். அனுப்பிய நேரம், தொகை, பேமெண்ட் விவரத்தில் இருக்கும் யுடிஆர் நம்பர் (அந்தப் பணம் அனுப்பியதற்கான தனி எண்) மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வாட்ஸ்ஆப் சாட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்.